கல்லறைத் தோட்ட வாசலில் அன்று நான் வாய் திறக்கவில்லை. இப்போது என்ன செய்ய?

ஊர், மறைமாவட்டம், பெயர்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வந்த கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவர் ஐம்பதைத் தாண்டிய கத்தோலிக்கர். ஊரில் உரக்கடை வைத்திருக்கிறார், பங்குப் பேரவையிலும் உறுப்பினர். மேலத்தெரு, கீழத்தெரு இரண்டுக்கும் ஒரே கோயில், ஒரே பூசை. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நடுவில் ஒரு சுவர். இவர் மேலத்தெருக்காரர். போன ஐப்பசி மழையில் கீழத்தெருப் பக்கம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அந்த வாரத்தில் கீழத்தெருவில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். அடக்கத் திருப்பலி முடிந்து பெட்டியை மேலத்தெருப் பக்கத்து வாசலுக்குக் கொண்டுவந்தால் கதவு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடம். கோயில்பிள்ளையைக் காணவில்லை. வாசலை மறித்து இருபது பேர் நின்றார்கள். ஒருவர் சாதிப் பெயரைச் சொல்லியே, 'உங்க ஆளுங்க இந்தப் பக்கம் வரக்கூடாது' என்று கத்தியிருக்கிறார். பெட்டியின் மேல் தார்ப்பாய் பிடித்தபடி நான்கு மணி நேரம் நின்ற குடும்பத்திடம், 'இன்றைக்குப் பிரச்சினை வேண்டாம்' என்றிருக்கிறார் பங்குத்தந்தை. கடைசியில் ஓடைக்கரைப் புறம்போக்கில் அடக்கம் செய்தார்கள். நம் வாசகர் அங்கேதான் நின்றார். கைப்பேசியில் சில நிமிடங்கள் பதிவும் செய்தார். பேசவில்லை.

பிறகு பேரவைக் கூட்டத்தில் இதை எடுத்திருக்கிறார். 'இனிமேல் உன்னிடம் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் ஊர்வரி) வாங்க மாட்டோம், உன் மகள் கல்யாணத்துக்கு ஒருத்தரும் வரமாட்டோம்' என்று பதில் வந்தது. கல்யாணம் வைகாசியில். பங்குத்தந்தை தனியாக அழைத்து, மன்னித்து மறப்பதுதான் கிறிஸ்தவம் என்றும், சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போவதைப் பவுலே கண்டித்திருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை: 'சேவல் கூவிய இரவில் இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுத்தாரே, அதைத்தான் நானும் செய்தேனா? மறித்தவர்கள் மேல் வன்கொடுமை வழக்குப் போட முடியுமா? வீடியோவை வெளியே விட்டு ஊரைக் கிழித்துவிடட்டுமா? இல்லை, இந்தக் கோயிலே வேண்டாம் என்று வேறு சபைக்குப் போய்விடட்டுமா? விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயத்தைப் போலச் சாகும் துணிச்சல் எனக்குக் கிடையாது.'

அன்புச் சகோதரருக்கு,

நான் வழக்கறிஞர், இறையியல் படித்தவள் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதி சட்டம், பாதி விவிலியம். இரண்டும் பின்னிக் கிடப்பதால் இரண்டையும் தொட்டே பேசுகிறேன்.

முதலில் பேதுரு. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முற்றத்தில் குளிர்காய்ந்த பேதுரு நினைவுக்கு வரவில்லை, அந்தியோக்கியாவில் பந்தியை விட்டு எழுந்துபோன பேதுருதான் வந்தார். கலாத்தியர் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் ஒதுங்கிக்கொண்டார். அவருடைய கொள்கை ஒரே நாளில் மாறிவிடவில்லை. சொந்த ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம், அவ்வளவுதான். அவரைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள், பர்னபா கூட எழுந்துவிட்டார். நீங்கள் வாசலில் நின்ற நிலை இதுதான். கீழத்தெருக்காரர்கள் தாழ்ந்தவர்கள் என்று நீங்கள் நம்பவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் உங்கள் பங்காளிகள், மைத்துனர்கள், கடையில் கணக்கு வைத்திருப்பவர்கள். அந்நியரை எதிர்ப்பதைவிட இவர்களை எதிர்ப்பது பல மடங்கு கஷ்டம். இதை உங்களுக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. எந்தப் பயத்தோடு மல்லுக்கட்டுகிறோம் என்று தெரிந்தால்தான் அடுத்த காரியத்தைச் சரியாகச் செய்ய முடியும் என்பதால் சொல்கிறேன். அந்தியோக்கியாவுக்குப் பிறகும் பேதுரு பேதுருவாகத்தான் இருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மன்னிப்பு யார் கையில்

'மன்னித்து மறந்துவிடுங்கள்' என்று உங்கள் பங்குத்தந்தை சொன்னது உங்களிடம். மறிக்கப்பட்டது உங்கள் வீட்டுப் பெட்டி இல்லையே. மன்னிக்கும் உரிமை அந்த மூதாட்டியின் பிள்ளைகளிடம் இருக்கிறது, அவர்கள் சார்பில் நீங்களோ சாமியாரோ மன்னித்துவிட முடியாது. அப்புறம், மன்னிப்பு என்றால் நடந்ததை நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வதும் இல்லை. மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவே தலைமைக் குருவின் முன்னால் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது சும்மா இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் தவறைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18-இல் அது இருக்கிறது. திருப்பி அடிக்கவில்லை, கேள்வியை விழுங்கவும் இல்லை.

கோர்ட்டுக்குப் போவது பாவம் என்பதற்கு எடுத்துக்காட்டியது 1 கொரிந்தியர் ஆறாம் அதிகாரமாக இருக்க வேண்டும். அதை முழுதாகப் படித்துப் பாருங்கள். கொடுக்கல் வாங்கல் போன்ற அன்றாட வழக்குகளைத் தீர்த்துவைக்க உங்களுக்குள் ஒரு அறிவாளி கூடவா இல்லை என்றுதான் பவுல் கேட்கிறார். எட்டாம் வசனத்தில் கோபம் முழுவதும் அநீதி செய்தவன் பக்கம் திரும்புகிறது: நீங்களே சகோதரர்களுக்கு அநீதி செய்கிறீர்களே என்று. இந்தப் பகுதியை அநீதிக்கு ஆளானவரின் வாயை மூடுவதற்கு எடுத்துப் பயன்படுத்துவது எனக்கு எப்போதுமே எரிச்சலூட்டும் ஒன்று. எழுதிய பவுல் என்ன செய்தார்? பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று விடுதலை செய்தபோது, நாங்கள் உரோமைக் குடிமக்கள், அதிகாரிகளே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று நின்றுகொண்டார். எருசலேமில் சாட்டையடிக்குக் கட்டியபோதும் குடியுரிமையைத்தான் சொன்னார். செசரியாவில் சீசரிடமே மேல்முறையீடு செய்தார். சட்டம் தந்த உரிமையைக் கேட்க அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. வடக்கன்குளம் கோயிலில் இரண்டு சாதியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பூசை காண, இரண்டு கால் வைத்த காற்சட்டைபோல இரண்டு பகுதிகளாகக் கட்டி நடுவில் சுவரும் வைத்திருந்தார்கள். 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் அகற்றப்பட்டது. சுவர் திரும்ப வேண்டும் என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்த வழக்கில் எதிர்த் தரப்பில் நின்று வாதாடியது திருச்சபை. சுவர் வேண்டாம் என்பதற்காக ஓர் ஆயரே நீதிமன்றத்தில் நிற்கலாம் என்றால், கீழத்தெருக் குடும்பம் நிற்பது மட்டும் எப்படிப் பாவமாகும்?

'பி.சி.ஆர். கேஸ்' என்று ஊரில் சொல்வது

ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து 'பி.சி.ஆர். கேஸ்' என்பார்கள். உண்மையில் இரண்டு தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன, உங்கள் விஷயத்தில் இந்த வேறுபாடு உயிர்நாடி.

நீங்கள் மனதில் வைத்திருப்பது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். கடுமையானது, ஆனால் அது பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி மக்களுக்கானது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இதை எதிர்த்து 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது, 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஓர் ஆணையமும் அமைத்தது. ஆகவே, 'கிறிஸ்தவர்களான எங்களைக் கல்லறையில் விடவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு 1989 சட்டத்தில் வழக்குக் கேட்டால் அது நிற்பது கடினம்.

நிற்கக்கூடியது அதற்கு முந்தைய சட்டம், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். உண்மையான பி.சி.ஆர். (Protection of Civil Rights) இதுதான். அரசமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை மீறுவோரைத் தண்டிக்க வந்த சட்டம் இது. இதன் 4-ஆவது பிரிவில் நீர்நிலை, சாலை போன்றவற்றோடு இடுகாடும் பெயர் சொல்லியே இருக்கிறது. ஊர்வலத்தில் கலந்துகொள்வதைத் தடுப்பதும் அதே பிரிவில் வருகிறது. கீழத்தெருவுக்குத் திருவிழாத் தேர் வருவதே இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் இந்துவாகத்தான் இருக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தடுத்தது தீண்டாமையால்தான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள 12-ஆவது பிரிவு வழி செய்கிறது. தலித் கிறிஸ்தவருக்கு அந்த அனுமானத்தின் உதவி கிடைப்பது சந்தேகம். 'இடமில்லை என்றுதான் மறித்தோம், பழைய வழக்கம், சாதி எங்கே வந்தது' என்று எதிர்த்தரப்பு சொன்னால், சாதியைச் சொல்லித்தான் மறித்தார்கள் என்று இவர்கள் நிரூபிக்க வேண்டும். கீழத்தெருக்காரர் நூறு பேர் சொன்னாலும், வேண்டியவர்கள் சொல்கிறார்கள் என்பார்கள். மேலத்தெருக்காரர் ஒருவர், அங்கேயே நின்றவர், இன்னார் இன்ன வார்த்தை சொன்னார் என்று சொன்னால் வழக்கின் கனமே வேறு. அந்த ஆள் நீங்கள்தான். சாகும் துணிச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யாரும் கேட்கவில்லை. பார்த்ததை உங்கள் பெயர் போட்டு, கையெழுத்திட்டுச் சொல்லும் துணிச்சல்தான் இங்கே தேவைப்படுகிறது. அது இருக்கிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்டனை பெரிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் நூறு ரூபாயிலிருந்து ஐந்நூறு. ஆனால் இது பிடியாணை இல்லாமல் போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். முதல் தகவல் அறிக்கை பதிவானால் வட்டாட்சியரும் ஆர்.டி.ஓ.வும் அமைதிப் பேச்சுக்கு வந்து உட்காருவார்கள். அந்த மேசையில் வைத்துத்தான் பெரும்பாலும் இப்படிப்பட்ட பூட்டுகள் திறக்கின்றன. காலக்கெடுவும் இருக்கிறது. ஓராண்டு வரை மட்டுமே சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்கு, ஓராண்டுக்குள் போலீஸில் புகார் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது நடுவரிடம் புகார் தாக்கலாகியிருக்க வேண்டும். அடுத்த ஐப்பசி வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். புகாரைப் பதிவு செய்ய வைப்பதற்கே மாதங்கள் ஓடிவிடலாம்.

அதற்கு முன் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும்

உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன். அந்த மூதாட்டியின் மகன்களோ மகள்களோ என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி இல்லை. நீங்கள் அவர்களைப் போய்ப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

வழக்கு, ஆயருக்குக் கடிதம், வீடியோ எல்லாம் அதற்குப் பிறகுதான். போகும்போது பேரவை உறுப்பினராகப் போகாதீர்கள், துணைக்கு ஆட்களும் வேண்டாம். மனைவியைக் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. அன்று நான் அங்கே நின்றேன், பேசவில்லை, தப்பு என்று சொல்லுங்கள். உடனே மன்னித்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, நீங்கள் என்ன செய்ய நினைக்கிறீர்கள், அதில் நான் எப்படி உதவலாம் என்று கேளுங்கள். அவர்களுக்கு வழக்கு வேண்டாமாக இருக்கலாம். ஓடைக்கரைக் குழியை ஆயரே வந்து மந்திரிக்க வேண்டும் என்று கேட்கலாம். இனி ஒருவருக்கும் இப்படி நடக்கக்கூடாது, சுவர் போக வேண்டும், அது போதும் என்றும் சொல்லலாம். கீழத்தெரு இளைஞர்கள் ஏற்கெனவே ஏதோ தொடங்கியும் இருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் முன்னால் போய் நிற்க வேண்டாம், பக்கத்தில் நில்லுங்கள். நம் ஆட்களுக்கு நல்லது செய்யப் போகும்போதும் தலைமை நாற்காலி தேடும் பழக்கம் உண்டு.

இவர்களைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள் என்று நான் அழுத்துவதற்கு மரியாதை மட்டும் காரணம் இல்லை. இப்படிப்பட்ட குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் 'இந்து' என்று இருக்கும். சாதி மட்டும் கோயிலுக்குள்ளும் கல்லறைக்குள்ளும் கூடவே வருகிறது, சாதிக்கான சட்டப் பாதுகாப்போ வாசலிலேயே நின்றுவிடுகிறது. அந்த இடுக்கில்தான் அவர்கள் பிழைப்பை ஓட்டுகிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு வேலைக்காக மட்டும் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நாளைக்கு உங்கள் புகாரிலோ வீடியோவிலோ அந்தக் குடும்பத்தின் பெயரும் ஞானஸ்நானமும் வெளியே வந்தால், பேரப்பிள்ளையின் வேலைக்கோ உதவித்தொகைக்கோ யாராவது பெட்டிஷன் போடுவார்கள். போடக்கூடியவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்த விலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

கைப்பேசியில் இருக்கும் பதிவு

வெளியே விடாதீர்கள். அழுதுகொண்டிருக்கும் ஒரு குடும்பம் அதில் இருக்கிறது. அவர்கள் சம்மதம் இல்லாமல் அதை ஊர் முழுக்கப் பரப்புவது அவர்களை இரண்டாம் முறை வாசலில் நிறுத்துவதுதான். சட்டப்படியும் ஆபத்து உண்டு. மறித்தவர்கள் பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவின்கீழ் அவதூறு என்றும், 196-ஆவது பிரிவின்கீழ் பகை மூட்டினார் என்றும் உங்கள் மேலேயே புகார் கொடுப்பார்கள். கடைசியில் நிற்காமல் போனாலும், அலைச்சல் உங்களுக்கு.

அழிக்கவும் வேண்டாம். வெட்டாமல், ஒட்டாமல், எழுத்துச் சேர்க்காமல் அந்தக் கைப்பேசியிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி மாறிவிடும், அதனால் கேபிள் வழியாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை மாற்றுவதாக இருந்தாலும் பழையதை விற்க வேண்டாம். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும், அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். இதைவிட அவசரமானது உங்கள் நினைவு. இன்று இரவே உட்கார்ந்து தேதி, நேரம், யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். கோயில்பிள்ளையை யார் எங்கே அனுப்பினார்கள் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். 'நான் பேசவில்லை' என்பதையும் விடாமல் எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆயருக்கு எழுதுவது

குடும்பம் சம்மதித்தால் வழக்குக்கு முன்போ, வழக்கோடு சேர்த்தோ இதைச் செய்யலாம். மத்தேயு 18-இல் சொன்ன வரிசைதான்: முதலில் தனியாக, பிறகு இரண்டு மூன்று பேரோடு, அப்புறம் சபைக்கு. பங்குத்தந்தையிடம் தனியாகப் பேசியாயிற்று. இனி இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் ஆயருக்கு, விரைவு அஞ்சலில், ஒப்புகையோடு.

பொதுநிலையினர் ஆயரைக் கேள்வி கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். திருச்சபையின் நலன் பற்றித் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வது விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்று திருச்சபைச் சட்டம் 212 சொல்கிறது. 208 எல்லாருக்கும் சமமான மாண்பைச் சொல்கிறது. பாகுபாடு எந்த வடிவில் இருந்தாலும் கடவுளின் திட்டத்துக்கு எதிரானது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியது. தமிழகத்திலிருந்து உரோமைக்குப் போன ஆயர்களிடம் 2003-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தலித் மக்களைப் பிரித்து வைக்கவே கூடாது என்று நேரடியாகச் சொன்னார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கையையே வெளியிட்டது. ஆகவே, புதிதாக எதையும் செய்யச் சொல்லி நீங்கள் ஆயரைக் கேட்கவில்லை. அவர்கள் கையெழுத்துப் போட்டதை உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடைமுறைப்படுத்தச் சொல்கிறீர்கள். கடிதத்தில் அறிவுரை வேண்டாம். என்ன நடந்தது, என்ன கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், இவ்வளவு போதும்.

கூடவே ஒரு வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் கல்லறைத் தோட்டத்தின் புல எண்ணைக் கேட்டு, கிராமத்தின் நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டில் அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கோயில் பட்டா என்றால் பொறுப்பு மறைமாவட்டத்துக்கு. மயானப் புறம்போக்கு என்றிருந்தால், அந்தச் சுவர் அரசு நிலத்தில் நிற்கிறது. பிறகு பேச்சே வேறு, கலெக்டருக்கு ஒரு மனு கொடுத்தாலே நகரும். மேலத்தெருக்காரர்கள் 'எங்கள் பக்கம்' என்று உரிமை கொண்டாடும் நிலம் ஏட்டில் யாருக்குமே 'பக்கம்' இல்லாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தலைக்கட்டு வரியும் கல்யாணமும்

இங்கே சட்டம் உங்கள் பக்கம் நேராகவே நிற்கிறது. தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்ததற்காகவோ, இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குத் துணை நின்றதற்காகவோ சொந்தச் சமூகத்தைச் சேர்ந்தவருக்கு உரிய உரிமையை மறுப்பதும் அவரை விலக்கி வைப்பதும் குற்றம் என்று 1955 சட்டத்தின் 7-ஆவது பிரிவு இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. உங்களைப் போன்றவர்களை நினைத்தே எழுதப்பட்ட உட்பிரிவு இது. பெரும்பாலோருக்கு இது இருப்பதே தெரியாது. வரியை மணியார்டராக அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் அந்தத் தாள் உங்கள் ஆதாரம். 'வரமாட்டோம்' என்று சொன்னவர்களின் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

ஆனால் கல்யாணத்துக்கு வரவேண்டும் என்று யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தாது. அந்த இழப்பு நிஜம். கடை வியாபாரமும் சில காலம் அடி வாங்கலாம். மனைவியிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு இறங்குங்கள். சம்பந்தி வீட்டுக்கும் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஊரார் வாயிலிருந்து போனால் கதை வேறாக இருக்கும். கல்யாணம் முடியட்டும் என்று மகள் கேட்டால், வைகாசி வரை புகாரைத் தள்ளிப்போடுவதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. ஆனால் கீழத்தெரு வீட்டுக்குப் போவதையும் நடந்ததை எழுதி வைப்பதையும் தள்ளாதீர்கள். காலக்கெடு ஓடிக்கொண்டிருப்பதையும் அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிடுங்கள்.

திருமணத்தை நடத்தித் தர மாட்டார்களோ என்ற பயம் வேண்டாம். முறையாகக் கேட்பவருக்கு, தடை எதுவும் இல்லாதபோது திருமணம் போன்ற அருளடையாளத்தை மறுக்கக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம் 843. ஊர்வரி பாக்கி திருமணத் தடையாகாது. மாப்பிள்ளையின் பங்கிலும் திருமணத்தை வைத்துக்கொள்ளலாம்.

வேறு சபைக்குப் போவது

போனால் உங்கள் தெருவில் நிறையப் பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். பேரவையில் இதைப் பேசிய ஒரே ஆளும் இல்லாமல் போவார், சுவர் அங்கேயே நிற்கும். அதுபோக, வேறு சபைகளிலும் இதே சாதி இதே மாதிரி உட்கார்ந்திருப்பதை எத்தனையோ ஊர்களில் காணலாம். மனது தாங்காத ஞாயிறுகளில் பக்கத்துப் பங்கில் பூசை பாருங்கள், தப்பில்லை. பேரவைப் பொறுப்பை மட்டும் நீங்களாக விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேவசகாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டதைத்தான் எல்லாரும் நினைக்கிறோம். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் சிறையும் சித்திரவதையும். அதற்கும் முன், உயர்சாதி அரண்மனை ஊழியராக இருந்துகொண்டே, சாதி வேற்றுமை பார்க்காமல் எல்லாரும் சமம் என்று பேசிப் பழகிய ஆண்டுகள். அவர் குருவானவர் இல்லை, மனைவியோடு குடும்பம் நடத்திய பொதுநிலையினர். 2022-இல் புனிதராக அறிவிக்கும் வேளையில் வத்திக்கான் அவர் பெயரிலிருந்த 'பிள்ளை' என்ற சாதி ஒட்டை நீக்கியது. அவர் 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் வடக்கன்குளம். அதே ஊரில்தான் பின்னால் நடுச்சுவர் வைத்துக் கோயில் கட்டினார்கள், அதே ஊரில்தான் அது இடிக்கவும் பட்டது.

புகார் கொடுப்பது என்று குடும்பம் முடிவெடுத்தால், காவல் நிலையத்துக்கு அவர்களோடு நீங்களும் போங்கள். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவர். மாவட்டக் காவல் அலுவலகத்தில் சமூக நீதி, மனித உரிமைப் பிரிவும் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்க அவர்களுக்கு வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெண்கள் விண்ணப்பித்தால் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரைத் தருவார்கள். ஆகவே மகள் பெயரில் மனு போடுவது நல்லது. அ-பதிவேட்டு நகல் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்ததை அதை வைத்துப் பேசலாம்.